இலை உதிர்க்கும் குற்றம்

வீட்டு முற்றத்துக்கு மரம் தெரிந்தெடுக்கும் விஷயத்தில், திருநெல்வேலிக்கு வடக்கே சிற்றாற்றங்கரைக் கங்கைகொண்டானைச் சூழ்ந்து நாளுக்கு நாள் பெருகிவரும் மனைப்பிரிவுகளில் குடியேறுகின்ற மக்களிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றி, இப்பொழுது ஏறக்குறையச் சாஸ்திரத்தின் அந்தஸ்தையே அடைந்துவிட்டது. மரம் விரைவாக வளர வேண்டும். பன்னிரண்டு மாதமும் பச்சை மாறாமல் நிற்க வேண்டும். அனைத்துக்கும் மேலாக, அது குப்பை போடக்கூடாது. வீடு கட்டித் தருகிற மேஸ்திரி இதைச் சொல்கிறார். செடி விற்கிற நர்சரிக்காரர் சொல்கிறார். ஓய்வுபெற்று ஊர் திரும்பிய உத்தியோகஸ்தரும், தாம் உத்தியோகம் பார்த்த பட்டணத்துத் தெருக்களை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, அதையே சொல்கிறார். இத்தனை பேர் ஒருமுகமாகச் சொல்வதனாலேயே அது உண்மையாகிவிடாது. இந்த அபிப்பிராயம் நம் ஊர் வெயிலையும் காற்றையும் நீர்நிலையையும் ஒரு கணமேனும் எண்ணிப் பாராமல் பிறந்தது என்பதும், மனையில் இடம் உள்ளவர்களுக்கு இலை உதிர்க்கின்ற பெருமரமே உசிதமான மரம் என்பதும் என் கட்சி.

முதலில், இந்த அபிப்பிராயம் எந்த மரங்களை நம் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது என்று பார்ப்போம். காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஈட்டி நட்டதுபோல் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்கம் ஒன்று. அதை அசோக மரம் என்று அழைத்து மனத்தைத் திருப்தி செய்துகொள்கிறோம். கத்தரித்துக் கத்தரித்துப் பச்சைச் சுவராகவே ஆக்கப்பட்ட கோனோகார்பஸ் மற்றொன்று. “அண்ணாச்சி, இதைக் கொண்டுபோய் வச்சுப் பாருங்க, ரெண்டே வருஷத்துல மாடியைத் தொட்டிரும், ஒரு இலை கீழ விழாது” என்று நர்சரிக்காரர் சொல்லும்பொழுது, வாங்க வந்தவர் மரத்தைப் பார்ப்பதில்லை. தம் புதுவீட்டின் டைல்ஸ் பதித்த முற்றத்தையே மனக்கண்ணில் பார்க்கிறார். நெட்டிலிங்கத்தின் மேல் எனக்கு விரோதமில்லை. அது தென்னாட்டுக்கு அந்நியமானதுமன்று. ஆனால் நிழலென்று சொல்லத்தக்க எதையும் அது தரையில் விரிப்பதில்லை. நிழல் தராத மரத்தை வெயில் தேசத்தில் வரிசை வரிசையாக நடுவதற்கு என்ன பெயரிடுவதென்று எனக்கு விளங்கவில்லை.

இவர்களிலும் சற்று மேற்பட்ட ரசிகர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் ஜப்பானிய உத்தியானவனங்களின் சித்திரங்களைப் பார்த்து மயங்கி, ஜெல்கோவா என்னும் மரத்தை நம் ஊரில் வளர்க்க இயலுமா என்று விசாரிக்கிறார்கள். அவர்கள் மயங்குவதில் குற்றமில்லை. ஜப்பானியர் கேயாகி என்று வழங்கும் அந்த மரம், அடிமரம் ஓரளவு உயர்ந்தவுடன் பல கிளைகளாகப் பிரிந்து, கிளைகள் யாவும் மேல்நோக்கி விரிந்து, தலைகீழாக நிறுத்திய துடைப்பத்தின் வடிவில் வானத்தைத் தாங்குவது. தொட்டியில் குறுமரம் வளர்க்கும் கலைஞர்கள் அந்த வடிவத்துக்கென்றே அதைத் தேடிச் சென்று வளர்க்கிறார்கள். செண்டாய் நகரத்தின் ஜோசென்ஜி வீதி அதன் நிழலுக்குப் பிரசித்தி பெற்றது. கியோத்தோ நகரத்துக் கியோமிசு கோயிலின் முகமண்டபத்தை மலைச்சரிவில் தாங்கி நிற்கும் 13 மீட்டர் உயரத் தூண்கள் 18-உம் கேயாகி மரத்தாலானவை. அவ்வாலயம் 1633-இல் திரும்ப எடுத்துக் கட்டப்பட்டது. கொரிய நாட்டுக் கிராமங்களிலோ, நம் ஊர் மந்தையில் ஆலும் அரசும் நிற்பதுபோல, ஊர்ப் பெரியவர்கள் கூடியிருந்து பேசும் இடத்தில் இந்த மரம் நிற்கிறது. இதன் இனத்தைச் சேர்ந்த வேறொன்று காக்கேசிய மலைப்பகுதியிலும், இன்னொன்று கிரீட் தீவிலும் உண்டு. சிசிலித் தீவில் 1991-இல் கண்டுபிடிக்கப்பட்ட மற்றொன்று, சில நூறு மரங்களே எஞ்சி, முளைக்கத்தக்க விதை ஈனும் சக்தியையும் இழந்து, வேரிலிருந்து துளிர்த்தே வம்சத்தைக் காத்துக்கொண்டிருக்கிறது.

இத்தனை கீர்த்தி வாய்ந்த அந்த மரத்தை விரும்புகிறவர்கள் ஒரு செய்தியை மாத்திரம் வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஜெல்கோவா இலை உதிர்க்கும் மரம். இலையுதிர்காலத்தில் மஞ்சளும் செம்மையுமாகப் பழுத்து, பனிக்காலம் வருமுன் முழுவதையும் கீழே கொட்டிவிட்டு, நிர்வாணமாக நிற்கின்ற மரம். அந்த நிர்வாணக் கோலத்திலேதான் அதன் கிளையமைப்பின் சௌந்தரியம் முழுவதும் புலப்படுகிறது என்று ஜப்பானியர் அதைக் கொண்டாடுகிறார்கள். நமது உத்தியோகஸ்தர் சித்திரத்தில் பார்த்து வியந்த அதே காரியத்தை நம் ஊர் மரம் ஒன்று தம் வாசலில் செய்தால், மறுநாள் கோடரிக்காரனை அழைத்துவருகிறார்.

ஜெல்கோவாவை இங்கே வளர்க்க இயலுமா என்ற கேள்விக்கு நேரான விடையைச் சொல்லிவிடுகிறேன். அதற்குக் குளிர்காலத்து நித்திரை வேண்டும். உறைபனி விழும் தேசங்களில் பிறந்த மரம் அது. நீண்ட குளிரில் உறங்கி எழுந்தாலன்றி அதன் மொட்டுகள் முறையாக விழிப்பதில்லை. மார்கழி விடியற்காலையிலும் வெப்பம் இருபது பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வமாயுள்ள தாமிரவருணிச் சமவெளியில், அந்த உறக்கத்தை அதற்கு யாரால் கொடுக்க முடியும்? பணம் செலவழித்து வரவழைத்தவர்கள் அது துரும்பாக மெலிவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் அதன் குலத்திலேயே பிறந்து, நம் தட்பவெப்பத்தில் வளர்ந்து, தென்னாட்டு வறண்ட காடுகளிலும் மலையடிவாரங்களிலும் ஓடைக்கரைகளிலும் யாரும் நடாமல் நிற்கின்ற மரம் ஒன்று உண்டு. அதுதான் ஆயா மரம். ஆவி மரம் என்றும் அதைச் சொல்வார்கள். தாவர சாஸ்திரிகள் ஜெல்கோவாவையும், ஐரோப்பிய வீதிகளுக்குப் பெயர்போன எல்ம் மரத்தையும், நம் ஆயாவையும் ஒரே குடும்பத்தில்தான் வைக்கிறார்கள்.

ஆயாவின் வருஷக் கணக்கைக் கவனித்தால், அது இந்த ஊர்ப் பஞ்சாங்கத்தைப் படித்துவிட்டு நடப்பதாகவே தோன்றும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி கார்த்திகைகளில் பெய்து ஓய்ந்து, குளங்களில் நீர் நிறைந்து, பின் மெல்லத் தாழத் தொடங்கும் தை மாசிகளில் அது இலையைக் கழிக்கிறது. வெறுங்கிளையில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு பூக்கள் தோன்றி மறைந்தபின், ரூபாய் நாணயம்போல் வட்டமாய், காகிதம்போல் மெல்லிய சிறகு சூழ்ந்த இளம்பச்சைக் காய்கள் கொத்துக் கொத்தாகக் காய்த்து மரத்தை மூடிவிடுகின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் மரம் தழைத்துவிட்டதென்றே மயங்குவார்கள். அந்தக் காய்கள் காய்ந்து காற்றில் சுழன்று பறக்கத் தொடங்கும் காலத்தில் மெய்யான தளிர் வருகிறது. அக்கினி நட்சத்திரம் பிறக்குமுன் மரம் குடை விரித்துவிடுகிறது. பங்குனியில் சில வாரம் அது நிழல் தராது என்பதும், அந்தப் பங்குனி வெயிலும் லேசானதன்று என்பதும் வாஸ்தவம். அந்த இடைவெளியை நிரப்ப, மாசியில் இலை கழித்துப் பங்குனியில் செந்தளிர் விடும் வேம்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இனி, என்றும் பச்சையாயிருக்க வேண்டுமென்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். இலை என்பது அலங்காரமன்று. அது தண்ணீரை ஆவியாக்கி வெளியே விடும் வாயில். மண்ணிலிருந்து வேர் உறிஞ்சுகிற நீரில் மிகப் பெரும்பகுதி இலைத்துளைகளின் வழியாகக் காற்றில் கலந்துவிடுகிறது. வறட்சிக் காலத்தில் இலையைக் கழிக்கின்ற மரம், வீட்டுக்காரன் கிணற்றில் நீர் வற்றும் சமயம் பார்த்துத் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. கோடையிலும் தழைத்துக் கொழுத்து நிற்கின்ற மரமோ, அந்தத் தண்ணீரை எங்கிருந்தாவது எடுத்தே தீர வேண்டும். மண்ணில் கிடைக்காவிட்டால் அதன் வேர் கழிவுநீர்க் குழாயின் இணைப்பைத் தேடிச் செல்லும். கோனோகார்பஸின் மேல் பல நகரங்களில் எழுந்த புகார்களில் இதுவும் ஒன்று. குஜராத் அரசாங்கம் 2023-இல் அதை நடுவதையே தடை செய்துவிட்டது. மாதந்தோறும் லாரித் தண்ணீருக்குப் பணம் கொடுத்துக்கொண்டே, மாசியிலும் பச்சையாய் நிற்கிற மரத்தைப் பார்த்துப் பெருமைப்படுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பச்சைக்கு அவர்கள் கொடுக்கும் விலை மரத்தின் கணக்கில் எழுதப்படுவதில்லை.

அடுத்தது குப்பை. எதிர்க்கட்சியாரின் பிரதான ஆயுதம் இதுவாகையால், இதை விரிவாகவே ஆராய வேண்டும். தாமிரவருணிப் பாசனத்தில் நெல் விளைவித்த குடும்பங்களில் பிறந்தவர்களே இன்று இலையைக் குப்பை என்கிறார்கள். அவர்களுடைய பாட்டனார், நடவுக்கு முன்பாக, கொழிஞ்சியும் எருக்கும் ஆவாரையும் வேப்பந்தழையும் புங்கந்தழையும் வண்டி வண்டியாக வெட்டிக்கொண்டுவந்து, தொழி உழவு செய்த வயலில் ஆள்விட்டு மிதிக்கச் செய்தார். தழை கிடைக்காத வருஷத்தில் காசு கொடுத்தும் வாங்கினார். பேரனோ, தானாக வந்து விழும் தழையைக் கூட்டிக் குவித்து, தெருமுனையில் தீ வைத்து, அதன் புகையை அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் நுரையீரலுக்கு அனுப்பிவிட்டு, பின்னர் கடையில் மண்புழு உரப் பையை விலைக்கு வாங்குகிறார். கங்கைகொண்டான் வட்டாரத்துச் செம்மண்ணில் உயிர்ச்சத்து மிகக் குறைவு; வெயில் பட்ட இடத்தில் அது இறுகி, மழை பெய்தாலும் நீரை உள்ளே வாங்காமல் ஓடவிட்டுவிடும். அந்த மண்ணின்மேல் ஒரு சாண் கனத்துக்கு இலையைப் பரப்பிவைத்தால், அதன் அடியில் ஈரம் நின்று, கரையானும் புழுவும் வேலை செய்து, இரண்டு மூன்று வருஷத்தில் மண்ணின் சுபாவமே மாறிவிடுவதைக் கையால் தோண்டிப் பார்த்தே அறியலாம். (கரையான் என்றதும் பயப்படுவார்கள். வீட்டுச் சுவரிலிருந்து நான்கு அடி தள்ளிப் பரப்பினால் போதும்.)

ஆனால் இந்தக் குப்பை வாதத்தின் உள்ளே ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது என்பதையும், அதை வெளியே சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் அந்த நியாயத்துக்கு உரியவர்களல்லர் என்பதையும் சொல்லாமல் விடுவது சரியன்று. வாசல் பெருக்குவது யார்? மரத்தின் பெருமையைத் திண்ணையிலிருந்து பேசுகிற ஆண்பிள்ளைகள் எவரும் விடியற்காலையில் எழுந்து விளக்குமாற்றைக் கையில் எடுப்பதில்லை. வீட்டுப் பெண்களும், கூலிக்கு வருகிற பெண்களுமே இடுப்பு நோகக் குனிந்து அள்ளுகிறார்கள். அவர்கள் இலை உதிர்க்கும் மரத்தை வேண்டாமென்று சொன்னால் அதைப் பழிக்க எனக்கு வாயில்லை. அதற்குச் சமாதானம் மரத்தை வெட்டுவதன்று. முற்றம் முழுவதையும் சிமெண்டால் மெழுகி, பின் அதன்மேல் ஓர் இலைகூட விழாமல் காக்க வேண்டுமென்கிற விபரீதக் கட்டளையைக் கைவிடுவதே. நடக்கிற வழியும் கோலமிடுகிற வாசலும் பெருக்கப்படட்டும். மரத்தடி மண்ணாக விடப்பட்டு, விழுந்தது விழுந்த இடத்தில் கிடக்கட்டும். அங்கே பெருக்க வேண்டிய வேலையே இல்லை. எஞ்சிய வாசலை ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டுத் தலைவரே பெருக்கினால், அவருக்கு வைத்தியர் சொல்லியிருக்கும் தேகப்பயிற்சியும் ஆயிற்று.

வேகத்தைப் பற்றிய மோகம் இன்னும் விசித்திரமானது. இந்த ஊரின் காற்றை அறியாதவர்கள்தாம் வேகத்தைப் போற்ற முடியும். ஆனியிலும் ஆடியிலும் மலையாளத்துப் பருவமழையின் வறண்ட வால், செங்கோட்டைக் கணவாயின் வழியே புகுந்து இச்சமவெளியை இரவும் பகலும் வீசித் தள்ளுகிறது. இங்கிருந்து வடக்கே நெடுஞ்சாலையோரத்துக் கயத்தாற்றில் காற்றாலைகள் நிறுத்தப்பட்டிருப்பது அழகு கருதியன்று. அந்தக் காற்றின் முன்னே, விரைந்து வளர்ந்து விரைந்தே மென்மையான கட்டையைச் சேர்த்துக்கொண்ட மயிற்கொன்றையும் தூங்குமூஞ்சியும் கிளை முறிந்து மின்கம்பியின்மேலும் ஓட்டுக்கூரையின்மேலும் விழுவது வருஷாந்தர நிகழ்ச்சி. கட்டை வைரம் பாய்வதற்குக் காலம் பிடிக்கும். அந்தக் காலத்தை மரத்துக்குக் கொடுக்க மறுக்கிறவர்கள் அதற்கான வட்டியை ஒரு ஆடி மாதத்தில் மொத்தமாகக் கட்டுகிறார்கள்.

இவ்வளவும் வேண்டாம், ஒரேயொரு மரத்தைச் சாட்சியாக அழைக்கிறேன். விரைந்து வளர வேண்டும், வறட்சியிலும் பச்சையாக நிற்க வேண்டும், பராமரிப்பே கேட்கக்கூடாது என்று விரும்பியவர்கள் நமக்கு முன்பும் இருந்தார்கள். சென்னை மாகாணத்தின் காட்டிலாகா அதிகாரியாயிருந்த பெட்டோம் என்னும் துரை, இந்த நற்குணங்கள் பொருந்திய மரம் ஒன்றன் விதையை ஜமெய்க்காவிலிருந்து வரவழைக்கும்படி 1876-இல் எழுதினார். அதுதான் சீமைக்கருவேலம். கேட்ட குணங்கள் அத்தனையும் அதில் இருந்தன; கேட்டதற்கு மேலாகவே இருந்தன. கண்மாயின் உள்வாயிலும் ஆற்றுப் படுகையிலும் தரிசிலும் அது நிறைந்து, ஒரு காலத்தில் உடைமரங்கள் குடை விரித்து நின்ற காடுகளிலும் புகுந்து, இன்று அதை வேரோடு பிடுங்குவதற்கு வழக்கும் அரசாணையும் புல்டோசரும் வேண்டியிருக்கின்றன. 2013-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கங்கைகொண்டான் புள்ளிமான் காட்டின் ஓரமாக நடந்துபோகிற எவரும் அதன் ஆதிக்கத்தைப் பார்க்கலாம். விரைவும் நித்தியப் பச்சையுமே உத்தமமான மரத்தின் இலக்கணமென்றால், நம் நண்பர்கள் தங்கள் வாசலில் சீமைக்கருவேலத்தை அல்லவா நட்டு வளர்க்க வேண்டும்? அதை மட்டும் ஏன் செய்வதில்லை என்று அவர்களே சொல்லட்டும்.

எல்லாத் தெருவும் ஒரே ஜாதி மரத்தால் நிரம்புவதிலுள்ள அபாயத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஊர்களில் தெருவுக்குத் தெரு எல்ம் மரமே நடப்பட்டிருந்தது. வண்டுகளால் பரவும் பூஞ்சை நோயொன்று 1930-ஐ ஒட்டி அங்கே தலைகாட்டி, அடுத்த சில பத்தாண்டுகளில் கோடிக்கணக்கான மரங்களை அழித்து, வீதிகளை மொட்டையாக்கியது. அந்த நோயை ஓரளவு எதிர்க்கவல்லது என்ற காரணத்தாலேயே ஜெல்கோவா அந்நாட்டில் எல்மின் இடத்துக்கு அழைக்கப்பட்டது. நம் மனைப்பிரிவுகளில் இன்று நூறு வீட்டுக்கும் ஒரே கோனோகார்பஸ் நிற்பதைக் காணும்போது அந்தச் சரித்திரம் ஞாபகத்துக்கு வராமல் போவதில்லை. ஆதலால் எல்லாரும் ஆயாவையே நடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நான் கண்டிக்கிற பிழையை நானே செய்தவனாவேன்.

ஆயாவின் குறைகளையும் எதிரிக்கு வேலை வைக்காமல் நானே சொல்லிவிடுகிறேன். அதன் இலையைக் கசக்கினால் துர்நாற்றம் வீசும். அது மிகப் பெரிய மரம். எழுபது எண்பது அடி உயரம் செல்லக்கூடியது. மூன்று சென்ட் மனையில் அதை நடுவது யானைக்குப் பூனைக்கூடு கட்டுவதாகும். இவற்றிலும் முக்கியமாக, அதன் மகரந்தம் சிலருக்கு ஒவ்வாமையையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்குவது. வட இந்திய நகரங்களில் வைத்தியர்கள் இதை நன்கு ஆராய்ந்து நிரூபித்திருக்கிறார்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் ஆயாவை நடவே கூடாது. கோனோகார்பஸை எதிர்க்கிற பலரும் அதன் மகரந்தத்தைச் சொல்லித்தான் ஜனங்களைப் பயமுறுத்துகிறார்கள். அந்த ஆயுதத்தை நான் வேண்டுமென்றே தொடவில்லை. நம் கட்சி மரத்தின்மேல் நிரூபணமான குற்றத்தை மறைத்துக்கொண்டு, எதிர்க்கட்சி மரத்தின்மேல் அதே குற்றத்தைச் சுமத்துவது வக்கீல்களுக்கு வேண்டுமானால் அழகாயிருக்கலாம்.

சுவர் வெடித்துவிடும் என்கிற பயத்துக்குச் சுருக்கமாகவே விடை சொல்லலாம். கங்கைகொண்டானுக்கு வடக்கே போகப் போகக் கரிசல் மண் கலந்துவருகிறது. அது மழையில் உப்பி, கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிப்பது. ஆழமில்லாத அஸ்திவாரத்தை அதன்மேல் போட்டுவிட்டு, விரிசல் கண்டவுடன் பக்கத்திலுள்ள மரத்தைக் குற்றவாளியாக்குவது மேஸ்திரிகளுக்கு மிகச் சௌகரியமான வழக்கம். மரமே இல்லாத வீடுகளிலும் அதே விரிசல் அதே மூலையில் ஓடுவதை அவர்கள் காட்டுவதில்லை. ஆயினும் வேர் அந்த மண்ணின் ஈரத்தை உறிஞ்சிச் சுருக்கத்தை அதிகப்படுத்தும் என்பது உண்மையாகையால், பெருமரத்தைச் சுவரிலிருந்து இருபது இருபத்தைந்து அடியாவது தள்ளி வைக்க வேண்டும். அந்த இடமில்லாதவர்கள் பெருமரத்தை விட்டுவிட வேண்டும்.

எந்தத் திசையில் நடுவது என்பதை வாஸ்து புஸ்தகத்தில் தேடுகிறார்கள், சூரியனிடமே கேட்டிருக்கலாம். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது பாகைக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருப்பதால், சித்திரை பிறப்பதை ஒட்டியும், மறுபடி ஆவணி மத்தியிலும் நடுப்பகலில் சூரியன் தலைக்கு நேராக நிற்கிறான். இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாய்ந்தும் செல்கிறான். ஆகவே உச்சிவெயிலை எந்த மரத்தாலும் சுவரிலிருந்து தடுக்க இயலாது. அது கூரையின் விஷயம். வீட்டைச் சுட்டெடுப்பது பிற்பகலில் மேற்குச் சுவரின்மேல் தாழ்ந்து விழுகிற வெயில்தான். அதை வாங்கிய சுவர் நள்ளிரவு வரையில் அறைக்குள்ளே அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். மரத்தின் இடம் மேற்கே. ஆடிக்காற்றும் அதே திசையிலிருந்து வருவதால், அங்கே நிற்பது முறியும் மரமாயிருக்கக்கூடாது என்பதும் இதிலேயே அடங்கும்.

கன்று தெரிந்தெடுப்பதிலும் அந்த வேகமோகமே நம்மைக் கெடுக்கிறது. நர்சரியில் எல்லாவற்றிலும் உயரமான கன்றையே ஜனங்கள் கைகாட்டுகிறார்கள். அது பெரும்பாலும் பாலித்தீன் பைக்குள்ளே நெடுநாள் கிடந்து, வேர் பையின் அடியில் பாம்புச் சுருளாகச் சுருண்டு போன கன்று. அந்தச் சுருள் நட்டபின்னும் பிரியாமல், மரம் பெரிதானபின் ஒரு காற்றில் அடியோடு சாய்வதற்குக் காரணமாகிறது. முழங்கால் உயரத்துக்குச் சற்று மேற்பட்டு, தண்டு தடித்து, கோல் இல்லாமல் தானே நிற்கின்ற கன்றே எடுக்கத்தக்கது. ஆயாக் கன்று நர்சரிகளில் எளிதில் அகப்படாது, விதையே உத்தமம். காய்ந்து பறக்கிற சிறகுக் காய்களைப் பொறுக்கி உடனே விதைக்க வேண்டும். வருஷக்கணக்கில் டப்பாவில் போட்டுவைத்தால் அதன் உயிர் போய்விடும். புரட்டாசிக் கடைசியில் மூன்றடிக் குழி வெட்டி ஆறவிட்டால், சித்திரையில் முளைத்த நாற்று ஐப்பசியின் முதல் நல்ல மழைக்குப்பின் நடுவதற்குத் தயாராகியிருக்கும். ஆட்டுக்கு அடைத்த முள்வேலி முதல் இரண்டு வருஷத்துக்கு அவசியம். தண்ணீரைத் தினந்தோறும் ஒரு செம்பு ஊற்றுவதைவிட, வாரத்துக்கு ஒருமுறை இரண்டு குடம் ஊற்றுவதே வேரைக் கீழே இறங்கச் செய்யும்.

கத்தரிப்பதில் ஜெல்கோவா வளர்க்கிறவர்களிடமிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். அந்த மரத்தின் அழகாகிய நெருங்கிய கிளைப்பிரிவே அதன் பலவீனமும். இரண்டு கிளைகள் குறுகிய கோணத்தில் ஒட்டி எழும்போது இடையில் மரப்பட்டை சிக்கிக்கொள்ள, கட்டை ஒன்றோடொன்று இணையாமல், பிற்காலத்தில் பிளந்துவிடுகிறது. ஆதலால் இளமையிலேயே போட்டியிடும் கிளைகளில் ஒன்றை நீக்கி, விரிந்த கோணத்தில் செல்லும் கிளைகளையே நிறுத்துகிறார்கள். ஆயாவுக்கும் வேம்புக்கும் இது பொருந்தும். விரலளவு பருத்த கிளையை வெட்டினால் புண் ஆறிவிடும்; தொடையளவு பருத்தபின் வெட்டுகிறவர்கள் மரத்துக்குள் பொந்தைத் தோண்டுகிறார்கள். நடுக்குருத்தை மொட்டையடிப்பதோ எக்காலத்திலும் கூடாது. மின்கம்பியின் கீழே நட்டுவிட்டு, ஆண்டுதோறும் ஆள் வந்து மொட்டையடித்துப் போவதைப் பார்த்து அழுவதைக் காட்டிலும், நடுமுன் ஒருதரம் அண்ணாந்து பார்ப்பது நல்லது.

சிறு மனைக்காரர்கள் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஐந்து சென்டுக்குப் புங்கம் போதும். அதுவும் இலை கழிக்கும். ஆனால் கழித்த சுருக்கிலேயே பளபளக்கும் புதுத்தழையைக் கொண்டுவந்துவிடும். அதிலும் குறைந்த இடத்துக்கு மகிழம் உண்டு. மெதுவாக வளரும், அதனால்தான் அதைச் சொல்கிறேன். ஆற்றுக்கு அண்மையில் நீர் ஓட்டமுள்ள இடமென்றால், தாமிரவருணிக் கரையில் காலங்காலமாக நிற்கிற மருதத்தை விட்டு வேறொன்றை நான் தேடமாட்டேன்.

இதைக் கேட்டு, நாட்டு மரமே நடவேண்டும், அந்நிய மரம் ஒன்றுமே கூடாது என்று கொடி பிடிக்கிற இன்னொரு கூட்டம் என்னைத் தம்மோடு சேர்த்துக்கொள்ள வரும். அவர்களோடும் நான் சேர இயலாது. புளிய மரத்தின் பூர்விகம் ஆப்பிரிக்கா என்பது தாவர சாஸ்திரிகளின் துணிபு. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரோடு சேர்த்து வணங்கப்படுகிற உறங்காப்புளியின்முன் போய் நின்றுகொண்டு, நீ அந்நியன் என்று சொல்லத் துணிபவர் எவரேனும் உண்டா? மரத்துக்கு ஊர்ப்பெயரைக் கேட்டுப் பயனில்லை. இந்த வறட்சியில் எவ்வளவு நீர் கேட்கிறது, இந்தக் காற்றில் எப்படி நிற்கிறது, சித்திரை வெயிலில் எவ்வளவு தரையை மூடுகிறது, கீழே விழுந்தது மண்ணாகிறதா என்று கேட்டால் போதும். ஜெல்கோவா இந்தக் கேள்விகளுக்கு இங்கே தோற்றுப்போவது அது ஜப்பானியப் பிரஜை என்பதாலன்று. நம் மார்கழி அதற்குப் போதாததால். கோனோகார்பஸ் தோற்றுப்போவதும் அது அந்நிய மரம் என்பதாலன்று. இனி இலையை எண்ணி மரத்தைத் தண்டிக்க வருகிறவர்கள், இந்த நான்கு கேள்விகளுக்குத் தம் மரத்தைப் பதில் சொல்லச் செய்துவிட்டு வரட்டும்; அதுவரையில் பக்கத்து வீட்டு ஆயாவின் இலை தம் சுவரைத் தாண்டி விழுந்ததென்று பஞ்சாயத்துக்கு மனு எழுதுவதை அவர்கள் நிறுத்திவைக்கலாம்.